நோர்அட்ரினலின்: நோயாளியின் சொந்தக்காரர் கேட்கும் கேள்விகள்

ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரருக்கு உள்ளேயிருந்து ஒரு வசனம் வரும்: "பிரஷரை ஏத்துற மருந்து ஓடுது." அதற்கு மேல் விளக்க அந்த நேரத்தில் பலருக்கு நேரம் இருப்பதில்லை. கேட்டவர்கள் வெளியே வந்து ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொள்வார்கள், பயம் கூடும். வன்னியில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்யும் நான், வாசலிலும் கிளினிக்கிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன். அந்த மருந்து பெரும்பாலும் நோர்அட்ரினலின்தான். இந்தப் பொருள் ஐ.சி.யூ.வுக்குள் மட்டும் உள்ள ஒன்றல்ல. கிளினிக்கில் நீங்கள் எடுக்கும் சில குளிசைகள், தேள்கடி, போர்க்காலக் காயங்கள், இரவில் திடுக்கிட்டு எழும்புவது எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

நோர்அட்ரினலின் என்றால் என்ன? இது செயற்கை மருந்தா?

நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள்தான். சாப்பாட்டுப் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் முதலில் டோபாவாகவும் பிறகு டோபமினாகவும் மாறி, அதிலிருந்து நோர்அட்ரினலின் உண்டாகிறது. சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அதில் பெரும்பங்கு இன்னும் ஒரு படி போய் அட்ரினலின் ஆகிறது. அமெரிக்கப் புத்தகங்களில் நோர்எபிநெப்ரின் என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றே.

இரண்டு இடங்களில் இதற்குப் பெரிய வேலை. ஒன்று, இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் போகும் தானியங்கி நரம்புகளின் நுனி. அங்கே இது சுரந்தால் குழாய்கள் இறுகும், இதயம் பலமாக அடிக்கும், பிரஷர் ஏறும். மற்றது மூளை. மூளைத்தண்டில் நீல நிறமாகத் தெரியும் ஒரு சின்ன நரம்புத் திட்டிலிருந்து மூளையின் பெரும்பகுதிக்கு இதைக் கொண்டுபோகும் இழைகள் பரவுகின்றன. விழிப்பு, கவனம், ஆபத்தை உணர்வது எல்லாம் அதோடு சேர்ந்தவை.

நரம்பு நுனியில் சுரப்பது நோர்அட்ரினலின்தான் என்பதை 1946இல் காட்டியவர் சுவீடன் நாட்டு உல்ஃப் வொன் ஒய்லர். சுரந்ததை நரம்பு மறுபடி உறிஞ்சி எடுக்கிறது என்று கண்டவர் ஜூலியஸ் அக்சல்ரொட். பேர்னாட் கட்ஸ் என்ற இன்னொரு விஞ்ஞானியோடு சேர்த்து இவர்களுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மறு உறிஞ்சலைத் தடுக்கும் குளிசைகளைத்தான் இன்று மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே.

ஐ.சி.யூ.வில் எதற்காக இதை ஊசி மூலம் ஓட்டுகிறார்கள்?

பெரும்பாலும் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி உடம்பு 'ஷொக்' நிலைக்குப் போனதற்காக. இந்த ஷொக்குக்கும் மனம் அதிர்வதற்கும் தொடர்பில்லை. உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை அது. தொற்று முற்றும்போது உடம்பு முழுவதும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும், திரவமும் குழாய்களை விட்டுக் கசியும். வாய்க்கால் கரை உடைந்து அகன்று போனால் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் திறந்தும் கடைசி வயலுக்கு வராது, அதுபோலத்தான். இதயம் அடித்துக்கொண்டிருந்தாலும் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போய்ச் சேராது.

முதலில் சேலைன் கொடுப்பார்கள். உலக வழிகாட்டிகள் சொல்லும் தொடக்க அளவு, முதல் 3 மணித்தியாலத்துக்குள் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். 50 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை லீற்றர். அதற்கும் பிரஷர் ஏறாவிட்டால், அல்லது ஆபத்தாக விழுந்து கிடந்தால், நோர்அட்ரினலின் தொடங்குவார்கள். அது தளர்ந்த குழாய்களை இறுக்குகிறது.

படுக்கையருகே மொனிட்டரில் 92/51 போல இரண்டு எண்களும், அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண்ணும் தெரியும். அடைப்புக்குறிக்குள் இருப்பது சராசரி அழுத்தம். நாங்கள் கூடுதலாகப் பார்ப்பது அதைத்தான். பொதுவாக அதை 65க்குக் குறையாமல் வைத்திருக்கப் பார்ப்போம். மேலே உள்ள எண் 120 ஆகவில்லையே என்று வெளியில் கவலைப்படுபவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அந்த நேரத்தில் 120 எங்கள் இலக்கு இல்லை.

இது நோயைக் குணப்படுத்துமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். நோர்அட்ரினலின் கிருமியைக் கொல்லாது, சீழை எடுக்காது. நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் அன்டிபயோட்டிக் வேலை செய்ய வேண்டும், சீழ்க்கட்டி இருந்தால் வெட்டி எடுக்க வேண்டும், அடைத்த சிறுநீர்ப் பாதையைத் திறந்துவிட வேண்டும். இப்படியான ஷொக்கில் அன்டிபயோட்டிக்கை ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

நோயாளி எவ்வளவு வேளைக்கு வந்தார் என்பதைப் பொறுத்தே இந்த மருந்துக்குப் பலன் இருக்கிறது. இரண்டு நாளாகச் சலம் போகாமல் வீட்டில் கிடந்தவருக்கும், காய்ச்சலோடு மூச்சு வேகமாக வாங்கத் தொடங்கிய அன்றே கொண்டுவரப்பட்டவருக்கும் ஒரே மருந்தைத்தான் ஓட்டுகிறோம். முடிவு ஒன்றாக இருப்பதில்லை.

"அந்த மருந்து போட்டால் ஆள் தப்பாது" என்று ஊரில் சொல்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது. கடும் வருத்தத்தில் இருப்பவர்களுக்கே இதைப் போடுகிறோம், அவர்களில் ஒரு பகுதியினர் இறக்கிறார்கள், ஊரில் மருந்தின் பேரில் பழி விழுகிறது. தப்பி நடந்து வீட்டுக்குப் போனவர், தனக்கு என்ன மருந்து ஓடியது என்று தெரியாமலே போய்விடுகிறார். அவர் கதை ஊரில் பரவாது.

ஒரு காலத்தில் எல்லாம் கைவிட்ட பிறகு, மிகப் பிந்தி, மிகக் கூடிய அளவில் இதைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பயம் வைத்தியர்களிடமும் இருந்தது. பல இடங்களில் இதற்குப் பதில் டோபமினைப் பாவித்தார்கள். 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் ஷொக்கில் இருந்த 1,679 பேருக்கு இரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் இதயத்துடிப்புக் குழப்பம் டோபமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், நோர்அட்ரினலின் பெற்றவர்களில் 12 பேருக்கும் வந்தது. தொற்றினால் வரும் ஷொக்குக்கு இன்று முதலில் எடுக்கும் மருந்து நோர்அட்ரினலின்தான். அது ஓடுகிறது என்று கேட்டால், ஆள் கடும் ஆபத்தில் இருக்கிறார், சிகிச்சை நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ளாதீர்கள்.

வன்னியில் எந்த வருத்தங்கள் இந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன?

நியூமோனியா, சலத் தொற்று, சலரோகக்காரரின் காற்புண் ஆகியவை எல்லா ஊரிலும் உள்ளவை. இங்கே வயலோடு சேர்ந்தவையும் உண்டு.

முதலாவது எலிக்காய்ச்சல். எலியின் சலம் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் நிற்கும்போது, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடும் தலையிடி, கண் சிவப்பு, கெண்டைக்கால் நோ வரும். முற்றினால் சிறுநீரகம், நுரையீரல், இதயம் மூன்றையும் தாக்கும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இது பரவி உயிர்களைக் கொண்டுபோனதை எல்லோரும் அறிவோம். காலபோக விதைப்புக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் தடுப்புக் குளிசை கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கி எடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லா மருந்துகளிலும் மலிவானதும், ஐ.சி.யூ. பக்கமே வராமல் காப்பாற்றக்கூடியதும் அதுதான்.

மெலியோய்டோசிஸ் என்று இன்னொன்று. மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வருவது, சலரோகம் உள்ள கமக்காரரை அதிகம் பிடிப்பது. வழக்கமான அன்டிபயோட்டிக் பலதுக்கு அடங்காது. அதனால், "வயலில் வேலை, சீனி வருத்தமும் இருக்கு" என்ற இரண்டு தகவலையும் சேர்த்துச் சொன்னால் வைத்தியருக்குப் பெரிய உதவி.

டெங்கு வேறு கதை. அதில் வரும் ஷொக்குக்கு முக்கிய காரணம் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிவது. அதனால் அளந்து அளந்து திரவம் கொடுப்பதே பிரதான வைத்தியம்.

எப்போது வீட்டில் காத்திராமல் கிளம்ப வேண்டும்?

காய்ச்சல்காரர் மாறிக் கதைக்கத் தொடங்கினால், மூச்சு வேகமாக வாங்கினால், கை கால் குளிர்ந்து வியர்த்தால், அரை நாளாகச் சலம் போகாவிட்டால் அல்லது கறுத்துக் கொஞ்சமாகப் போனால் அப்போதே கிளம்ப வேண்டும். வயது போனவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இந்த நிலை வரலாம். 1990 அம்புலன்ஸ் இலவசம். உள்ளூர் வீதிகள் சில இடங்களில் மழைக்காலத்தில் வாகனத்தைத் தாமதப்படுத்தும் என்பதால், இரவாகட்டும் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பக்கத்திலுள்ள சின்ன வைத்தியசாலைக்குப் போனாலும் சேலைனும் முதல் அன்டிபயோட்டிக்கும் தொடங்கி, அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ மாற்றுவார்கள்.

ஏன் கழுத்தில் ஊசி ஏற்றுகிறார்கள்? கையில் ஏற்றினால் என்ன?

இந்த மருந்து குழாய்களை இறுக்குவது. கையில் உள்ள மெல்லிய நாளத்திலிருந்து அது தசைக்குள் கசிந்தால், அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் வெளுத்துப் பிறகு கறுத்துச் செத்துப்போகலாம். கழுத்திலோ நெஞ்சிலோ உள்ள பெரிய நாளத்தில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் கழுத்துக் குழாய் போடும் வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே இப்போதைய வழிமுறை. கொஞ்ச நேரத்துக்கு முழங்கை மடிப்பில் அல்லது அதற்கு மேலே உள்ள நல்ல நாளத்தில் தொடங்கி, அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டலாம். நினைவோடு இருக்கும் நோயாளி "ஊசி போட்ட இடம் எரியுது" என்று சொன்னால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் மாற்று ஊசி போட்டுத் தோலைக் காப்பாற்றலாம்.

விரல் நுனிகள் கறுத்துவிட்டன. மருந்தின் பிழையா?

மருந்துக்கு அதில் பங்கு இருக்கலாம், முழுப் பொறுப்பும் அதனுடையதல்ல. கடும் தொற்றில் சின்னக் குழாய்களுக்குள் இரத்தம் உறைந்து அடைபடும். கூடவே மருந்து குழாயை இறுக்கும். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடம்பு கை கால் நுனியை விட்டுக்கொடுக்கிறது. இதனால்தான் தேவையான மிகக் குறைந்த அளவில் ஓட்டப் பார்க்கிறோம். அளவு கூடிக்கொண்டே போனால் வாசோபிரசின், ஹைட்ரோகோர்டிசோன் போன்ற வேறு மருந்துகளைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். கறுத்த விரலை உடனே வெட்டுவதில்லை. எது செத்தது, எது மீண்டும் வரும் என்று தெளிவாகும் வரை பல கிழமை பொறுத்துப் பார்ப்பது வழக்கம்.

ஏன் அந்த ஊசியை விட்டு மிஸ்ஸி அசையவே மாட்டேன் என்கிறார்?

இரத்தத்தில் இந்த மருந்தின் ஆயுள் மிகக் குறைவு. இரண்டு, மூன்று நிமிடத்தில் பாதி போய்விடும். பம்ப் நின்றால் பிரஷர் உடனே விழும், தவறி ஒரேயடியாகப் போனால் தலைக்கு ஏறும். சிரிஞ்ச் முடியும் முன் அடுத்ததைத் தயாராக வைத்திருப்போம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது குழாய் மடிந்தாலே மொனிட்டர் கத்தத் தொடங்கும். தயவுசெய்து படுக்கையருகே உள்ள எந்தக் குழாயையும் ஒதுக்கிவைக்காதீர்கள், போன் சார்ஜ் போட எந்த வயரையும் கழற்றாதீர்கள். நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவோம். அளவு குறைந்துகொண்டே வருகிறது என்றால் அது நல்ல செய்தி.

பாம்புக்கடிக்கும் இதைத்தான் போடுவார்களா?

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்துதான் வைத்தியம். ஆனால் அந்த விஷமுறிவு மருந்துக்கே சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும்: உடம்பு தடிக்கும், மூச்சு அடைக்கும், பிரஷர் விழும். அப்போது வேண்டியது அட்ரினலின், தொடைத் தசையில். அட்ரினலின் குழாயை இறுக்குவதோடு மூச்சுக்குழாயையும் திறந்துவிடும். நோர்அட்ரினலினுக்கு அந்த இரண்டாவது வேலை சரிவராது. ஒரே குடும்பத்தில் பிறந்தாலும் ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.

இதில் நம் நாட்டுக்கே பெருமை தரும் ஓர் ஆய்வு உண்டு. இலங்கையில் பாம்பு கடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன்பே சின்ன அளவு அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணித்தியாலத்தில் வரும் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. கண்ணாடிப் புடையன் கடித்த ஒருவரை, ஒவ்வாமைக்குப் பயந்து ஊரில் வைத்துப் பார்ப்பதற்கு இனி நியாயம் இல்லை.

தேள் கடித்தால்?

இங்கே கதை தலைகீழ். யாழ் குடாநாட்டில் காணப்படும் இந்தியச் சிவப்புத் தேளின் விஷம், உடம்பிலுள்ள நோர்அட்ரினலினையும் அட்ரினலினையும் ஒரேயடியாகக் கொட்டவைக்கும். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் ஐஸ் போலக் குளிர்வது, நெஞ்சு படபடப்பு, ஏறிய பிரஷர், கடைசியில் நுரையீரலில் நீர். மகாராஷ்டிர மாநிலத்தின் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், 1980களில் பிரசொசின் என்ற சாதாரண பிரஷர் குளிசையால் இதற்கு வைத்தியம் செய்து காட்டினார். நோர்அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அந்தக் குளிசை அடைத்துவிடுகிறது. ஒரு கிராமத்து வைத்தியரின் கவனம் எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வன்னியில் கடிக்கும் தேள்களில் பெரும்பாலானவை வெறும் நோவோடு போகும். ஆனாலும் கடித்த இடத்து நோவை விட வியர்வையும் குளிர்ச்சியும் கூடுதலாகத் தெரிந்தால், குறிப்பாகச் சிறுபிள்ளைக்கு, தாமதிக்க வேண்டாம்.

முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டு நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாதவர். திடீரென்று தலையிடி, முகம் சிவந்து வியர்க்கிறது. இதுவும் நோர்அட்ரினலினோடு சேர்ந்ததா?

ஆம். வன்னியில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய குடும்பங்கள் பல உண்டு. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளந்தண்டு எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ வடம் அறுந்தவர்களுக்கு வரும் ஆபத்து இது. சலப்பை நிரம்பினாலோ மலம் இறுகினாலோ அவருக்குத் தெரியாது. ஆனால் கீழ்ப்பகுதி நரம்புகள் அதை உணர்ந்து நோர்அட்ரினலினைக் கொட்டிக் குழாய்களை இறுக்கும். "போதும், நிறுத்து" என்று மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. பிரஷர் ஏறிக்கொண்டே போகும். காயத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்க்கும், தலை வெடிக்கும் போல வலிக்கும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகலாம்.

என்ன செய்ய வேண்டும்: படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி இருத்துங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடுப்பு, பெல்ட், சலம் சேரும் பையைக் கட்டியிருக்கும் பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சலக்குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நேரம் காரணம் அங்கேதான். குழாய் இல்லாதவர் என்றால் வழக்கம்போல் குழாய் போட்டுச் சலத்தை எடுங்கள். அப்புறம் மலம், படுக்கைப்புண், இறுகிய சப்பாத்து, உள்ளே வளர்ந்த நகம் என்று பாருங்கள். தலையிடி குறையாவிட்டால் வைத்தியசாலை.

ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: இவர்களின் வழக்கமான பிரஷர் 90, 100 அளவில்தான் இருக்கும். அதனால் 140 என்பது மற்றவருக்குப் பரவாயில்லை, இவருக்கு அவசரம். புதிதாக வந்த வைத்தியருக்கு இது உடனே மனதில் படாமல் போகலாம். வழக்கமான அளவை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

போருக்குப் பிறகு இத்தனை வருடம் போயும் வெடிச்சத்தம் கேட்டால் நடுங்குகிறார், இரவில் கத்தி எழும்புகிறார். நோர்அட்ரினலின் கூடிப்போனதா?

ஒரு பங்கு அதுதான். பெரும் ஆபத்தைக் கடந்து வந்த சிலரில் மூளையின் விழிப்பு அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறது. திருவிழா வெடி, கல்யாண வெடி, தாழப் பறக்கும் ஹெலி, ஏதோ ஒரு மணம் போதும். நோர்அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும், 2009 மாசியும் சித்திரையும் கண்முன் வந்து நிற்கும். இது கோழைத்தனம் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. உடம்பு தன்னைக் காக்கக் கற்றுக்கொண்ட பாடத்தை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது.

தேளுக்குச் சொன்ன அதே பிரசொசினைக் கெட்ட கனவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2018இல் வெளிவந்த அமெரிக்க முன்னாள் படையினர் பற்றிய பெரிய ஆய்வில் வெற்றுக் குளிசையை விடக் கூடிய பலன் காணப்படவில்லை. சிலருக்கு உதவுவதால் இன்னும் சில வைத்தியர்கள் எழுதுகிறார்கள். முதல் வைத்தியம் மனவடுவை நேரே அணுகும் உளவளச் சிகிச்சை. செர்ட்ரலின் போன்ற குளிசைகள், வெண்லஃபக்சின் போன்ற நோர்அட்ரினலினையும் தொடும் குளிசைகள் துணைக்கு உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக் நடக்கிறது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்று வருடக்கணக்காகப் பொறுத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படிப் பொறுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கால் எரிவுக்குப் போனேன். மனச்சோர்வுக் குளிசை எழுதித் தந்திருக்கிறார்களே?

பிழையாக எழுதவில்லை. மூளையிலிருந்து முள்ளந்தண்டு வடம் வழியாகக் கீழே இறங்கி வலியை அடக்கும் ஒரு பாதை இருக்கிறது, அது நோர்அட்ரினலினால் வேலை செய்வது. அமிட்ரிப்டிலின், டுலொக்செடின் போன்றவை அந்த இடத்தில் நோர்அட்ரினலினைக் கூடுதல் நேரம் நிற்கவைக்கின்றன. சலரோகத்தால் வரும் கால் எரிவுக்கு இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலில் வரும் வலிக்கும் கொடுக்கிறோம். அதில் எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அமிட்ரிப்டிலினை வலிக்கு 10 அல்லது 25 மில்லிகிராமில் இரவில் தொடங்குவார்கள். வாய் காயும், தூக்கம் வரும், வயதான ஆண்களுக்குச் சலம் அடைக்கலாம். பலன் தெரியச் சில கிழமை வேண்டும். அளவு மீறினால் இதயத்தை நிறுத்தக்கூடிய மருந்து, ஆகவே பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மனச்சோர்வுக்கு எடுப்பவர்களுக்கும் இதே அறிவுரை: அடிமையாக்கும் மருந்து அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், குமட்டும்.

இதய வருத்தத்துக்குத் தரும் குளிசை இதே நோர்அட்ரினலினைத் தடுக்கிறது என்கிறார்கள். உயிர் காக்கும் பொருளை ஏன் தடுக்க வேண்டும்?

நல்ல கேள்வி. பலவீனமான இதயத்தைத் தூண்டி ஓடவைக்க உடம்பு நோர்அட்ரினலினைக் கூட்டும். சில மணித்தியாலத்துக்கு அது உதவி. மாதக்கணக்காக நீடித்தால் இதயத் தசையே பழுதாகும். இரத்தத்தில் இதன் அளவு கூடக்கூட ஆயுள் குறைகிறது என்று ஜே கோன் என்ற இதய வைத்தியரின் குழுவினர் 1984இல் காட்டினார்கள். அதனால்தான் கார்வெடிலோல், பிசோப்ரோலோல் போன்ற பீட்டா தடுப்பிகளைச் சின்ன அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகிறார்கள். முதல் கிழமைகளில் களைப்புக் கூடியது போல இருக்கும். அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தடுக்கப்பட்டிருந்த நோர்அட்ரினலின் முழு வேகத்தில் இதயத்தைத் தாக்கும்.

சாப்பாட்டால் கூட்டவோ குறைக்கவோ முடியுமா?

முடியாது. உடம்பு தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும்.

பிரஷர் திடீர் திடீரென்று ஏறி இறங்குகிறது. ஏதாவது கட்டி இருக்குமா?

அரிதாக இருக்கலாம். அட்ரினல் சுரப்பியில் வரும் ஒரு கட்டி இந்தப் பொருட்களை அவ்வப்போது கொட்டும். தலையிடி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து வந்து போவது அதன் அடையாளம். 24 மணித்தியாலச் சலத்தைச் சேர்த்துப் பரிசோதித்துக் கண்டுபிடிக்கலாம், சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் குணமாகும். பிரஷர் உள்ள பெரும்பாலானோருக்கு இது இல்லை. ஆனால் இளம் வயதில், மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷர் என்றால் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். சும்மா மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் சூடோஎஃபெட்ரின் குளிசையும் நோர்அட்ரினலினைத் தூண்டிப் பிரஷரை ஏற்றும் என்பதால், அதை எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

ஐ.சி.யூ. வைத்தியரைச் சந்திக்க ஐந்து நிமிடம் தந்தால் என்ன கேட்பது?

"தப்புவாரா?" என்ற கேள்விக்கு முதல் நாளில் யாராலும் நேர்ப் பதில் சொல்ல முடியாது. தொற்று எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்களா, நேற்றையை விட மருந்தின் அளவு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, சலம் போகிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கும், அதிலிருந்து நிலைமை உங்களுக்கே விளங்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை கிளினிக் கொப்பி, வீட்டில் எடுத்த குளிசைகளின் அட்டைகள், காய்ச்சல் தொடங்கிய திகதி. பரியாரியிடம் எடுத்த மருந்து இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அதற்காக உங்களை யாரும் ஏசக் கூடாது. ஏசினாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.